சுவரைப் பார்த்த குருவி

வேதா அத்தை பூச்சாடியைக் கவிழ்த்தாள். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் வாசல் சிமெண்டில் கொட்டியது. கூடவே அழுகிக் கறுத்துப்போன நந்தியாவட்டை ஒன்றும் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அம்மா போய் அன்றைக்குப் பத்தாம் நாள். வீட்டிலிருந்த பித்தளையும் வெண்கலமும் புளி போட்டுத் தேய்க்கப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தயிர் தோய்க்கிற கலயம், கீரை மசிக்கிற சட்டி, தண்ணீர்ப் பானை எல்லாம் ஒரு பழைய கூடையில் கிடந்தன.

தீட்டுக் கழிகிற அன்று எங்கள் குடும்பத்தில் வழக்கம் அதுதான். உலோகம் தேய்த்தால் சுத்தமாகிவிடும். கண்ணாடி கழுவினால் போதும். மண் மட்டும் தீட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பார்கள். அதனால் மண்ணால் செய்த எதுவும் வீட்டில் தங்கக்கூடாது.

அத்தை சாடியின் அடிப்பாகத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"வரதா, இது மண்ணா, கண்ணாடியா?"

அப்பா மழித்த தலையோடு கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். 'கண்ணாடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாடி உள்ளே போய்விடும். அத்தை திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் இருந்தவள். மடியும் ஆசாரமும் தெரியும், பீங்கானைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அப்பா சொன்னால் நம்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

சொல்லிவிடு அப்பா, கண்ணாடி என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவருடைய பைத்தியத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

பூவைத் தண்ணீரில் நிறுத்தியவர்

அறுபதுகளின் கடைசியிலோ எழுபதுகளின் தொடக்கத்திலோ நாங்கள் திருவள்ளூரை விட்டுக் கவரைப்பேட்டைக்கு வந்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தலையெடுத்துக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்கு ஒரு இரும்புக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. கொடியில் காயப்போட்ட வெள்ளை வேஷ்டி சாயங்காலத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். அம்மா அதை உதறும்போது தும்முவாள். அம்மாவின் நோய்க்கு அந்தத் தும்மல்தான் ஆரம்பமோ என்று பிற்பாடு நான் நினைத்ததுண்டு. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பின்னால். கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் இருக்கிற பீங்கான் சாடிகள் ஒன்றோடொன்று உரசி கிணுகிணுவென்று சத்தம் போடும். அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து மடித்து ஒவ்வொன்றுக்கும் கீழே வைத்தாள். சாடிகளைத் திட்டிக்கொண்டேதான் வைத்தாள்.

அப்பாவுக்கு அந்தப் பூச்சாடிக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. ஜி.என்.டி. ரோடு ஓரத்தில் கோட்டையா என்று ஒரு தெலுங்குக்காரர் காயலான் கடை வைத்திருந்தார். மெட்ராஸில் இடிக்கிற பங்களாக்களின் சாமான் அவரிடம் வரும். அப்பா ஒரு நாள் போல்ட் தேடப் போய் ஒரு பூச்சாடியோடு திரும்பினார்.

"ஏன்னா, இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"பூ வைக்கறதுக்கு."

"பெருமாளுக்கு வைப்போம், தலையில வச்சுப்போம். தண்ணியில நிக்க வச்சா பூ என்ன பாவம் பண்ணித்து?"

எங்கள் ஜனங்கள் யார் வீட்டிலும் பூச்சாடி கிடையாது. இருந்தாலும் அதில் மயிலிறகோ ஊதுபத்தியோ இருக்கும். அம்மா கொஞ்ச நாள் கரண்டி போட்டு வைத்தாள். அப்பா பார்த்துவிட்டுக் கரண்டிகளை எடுத்துக் கழுவி மாட்டினார். அவர் கோபம் அவ்வளவுதான்.

கவிழ்த்துக் காட்டுகிற மனுஷர்

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஒரு சாடியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவார். காப்பி வருவதற்குள் பாடம் தொடங்கிவிடும்.

"முன்பக்கம் ஏமாத்தும். அடி ஏமாத்தாது," என்பார். பழைய சாடியின் அடியில் மெருகு இருக்காது, விரலால் தடவினால் சொரசொரக்கும், அதுதான் அசல் மண் என்பார். நகத்தால் சுண்டி ஓசை கேட்கச் சொல்வார். உள்ளே டார்ச் அடித்து வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று காட்டுவார். புதுச் சாடியை டீத்தண்ணீரில் ஊறப்போட்டு விரிசலில் கறையேற்றிப் பழசு என்று விற்கிற வித்தையையும் சொல்லுவார். "மேல பூசினது கண்ணாடி மாதிரி. உள்ள மண்ணு. உசந்த மண்ணு. ஆனா மண்ணுதான்."

கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். திருவள்ளூரிலிருந்து வரும்போதெல்லாம் அத்தையும் கேட்டிருக்கிறாள். கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பாள், ஆனால் எதையும் மறக்கிற மனுஷி இல்லை.

இந்த விஷயத்தில் அப்பாவுக்குப் பொய் வராது. ஒரு தரம் என் மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி, மெட்ராஸிலிருந்து ஒரு சாடி வாங்கி வந்தார். "அத்திம்பேருக்குப் பிடிக்குமேன்னு தேடி வாங்கினேன். சீனாக்காரன் பண்ணது, ரொம்பப் பழசு," என்றார். அப்பா அதைக் கவிழ்த்தார். மோந்து பார்த்தார். "டீத்தண்ணி," என்றார்.

மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

"ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா உங்களுக்கு?" என்று அம்மா அழுதாள். "நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

"பொருளைப் பத்திப் பொய் சொல்லப்படாது, கோமளம். அப்புறம் எனக்கு எதுதான் தெரியும்?" என்றார் அப்பா.

கம்பெனியிலும் அப்படித்தான். வந்த சரக்கு சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதிவிடுவார். அவருக்கு அப்புறம் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அப்பா அதே நாற்காலியில் இருந்தார்.

அம்மாவின் ஜன்னல்

அத்தை கவிழ்த்துப் பார்த்த அந்தக் குருவிச் சாடி கோட்டையாவிடம் வாங்கியது இல்லை. பழவேற்காட்டில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது அப்பாவுக்குக் கிடைத்தது. அவர்கள் அதில் உப்புப் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைச் சாடி, ஒரு பக்கம் மட்டும் நீலத்தில் படம். வளைந்த கிளைமேல் வால் நீண்ட ஒரு பறவை. அதற்கு உண்மையான பேர் என்னவோ, எங்கள் வீட்டில் அது குருவி.

குருவி இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இது ஜோடிச் சாடி," என்றார் அப்பா. "இன்னொண்ணுல இதே குருவி வலது பக்கம் பார்க்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கும். ஒத்தையா இருந்தா அரைச் சாடிதான்."

அன்றிலிருந்து எங்கே போனாலும் ஜோடியைத் தேடினார். கோட்டையாவிடமும் சொல்லி வைத்தார். கோட்டையா, "நீலக் குருவி தானே சார், வந்தா உடமாட்டேன்," என்றார். வலது இடது எல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டிலிருந்த சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அரிவாள்மணை, தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள். சாடிகளுக்கு வைக்க வந்தபோது அப்பா பதறிப்போய்த் தடுத்தார். அம்மா விடவில்லை. குருவிச் சாடியைக் கவிழ்த்து, நாமத்துக்கு இடுகிற ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்து அதில் மோதிர விரலைத் தோய்த்து, அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

"அடியிலதான் உங்களுக்கு எல்லாம் இருக்கே. அங்கயே இருக்கட்டும்."

மேலே வைத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போயிருக்கும். அடியில் மெருகு இல்லாததால் சூர்ணம் ஊறிவிட்டது. அப்பா கழுவிப் பார்த்தார், போகவில்லை. ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருஷம் அம்மா படுத்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தோம். கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தை ஒவ்வொரு அமாவாசைக்கும் திருவள்ளூர்க் குளத்தில் அம்மா பேரைச் சொல்லி வெல்லம் கரைத்தாள். அந்தக் குளத்தில் வெல்லம் கரைவதுபோல் உடம்பின் நோவும் கரையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இதையும் நான் சொல்லியாக வேண்டும். அத்தையை நான் பிற்பாடு எவ்வளவு வெறுத்தாலும், இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று அவள் அம்மாவுக்காக அழுததைப் பார்த்தவள் நான்.

படுத்தே கிடந்ததால் அம்மாவால் தலையில் பூ வைத்துக்கொள்ள முடியவில்லை. அவளே ஒரு நாள் கேட்டாள். "அந்தக் குருவியைக் கொண்டுவந்து ஜன்னல்ல வையேன். ரெண்டு பூப் போட்டு வை."

நான் தினமும் காலையில் நந்தியாவட்டை பறித்து அதில் போட்டேன். பூவைத் தண்ணீரில் நிறுத்துவதற்கு அவ்வளவு சண்டை போட்டவள், கண் விழித்ததும் அதைத்தான் பார்த்தாள்.

"பாவம், யாரையோ தேடறது," என்றாள் ஒரு நாள். "ஏன்னா, ஜோடி கிடைச்சா எங்கிட்ட முதல்ல காட்டணும், என்ன?"

"காட்டறேன்," என்றார் அப்பா.

அவள் போன காலையில் நான் பூ மாற்றவில்லை. முந்தின நாள் பூ அப்படியே இருந்தது.

குடித்த மண்

அத்தை கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொன்னார்.

"மண்ணுதான்."

அத்தை தலையாட்டினாள். அடியில் இருந்த சிவப்பைக் கட்டை விரலால் தேய்த்தாள். அது போகவில்லை.

"பாரு. சூர்ணத்தைக் குடிச்சிருக்கு. அவ தலைமாட்டிலயே இருந்தது. தீட்டைக் குடிக்காம இருந்திருக்குமா?"

நான் சும்மா இருக்கவில்லை. ஊறுகாய் ஜாடி மட்டும் எப்படி இருக்கலாம், அதுவும் பீங்கான்தானே என்று சண்டைக்குப் போனேன். உண்மையும் அதுதான். ஊறுகாய் ஜாடிக்கும் அடியில் மெருகு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டிப் பாடம் நடத்தியதில்லை. கவிழ்த்துக் காட்டியவர் அப்பா. மண் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரும் அப்பா.

"பெரியவா பேசறப்போ வாயை மூடு," என்றாள் அத்தை. மற்ற சாடிகள் வேறு அறையில் யாரும் புழங்காமல் இருந்ததால் அத்தை விட்டுவிட்டாள். குருவி மட்டும் கூடைக்குள் போனது.

"உடைச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வா," என்று அத்தை சொல்லியனுப்பினாள். அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சட்டியையும் பானையையும் கல்லில் போட்டு உடைத்தார். சாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பனைமரத்தடியில் வைத்தார். நேராக, விழாதபடி, மண்ணைக் கொஞ்சம் அணைத்து வைத்தார்.

"ஏம்ப்பா கண்ணாடின்னு சொல்லலை?"

"அது மண்ணும்மா," என்றார். அவர் குரலே அது இல்லை.

எனக்கு அத்தைமேல் இருந்ததைவிட அவர்மேல் ஆத்திரம். செத்துப்போன பெண்டாட்டி கடைசியாகப் பார்த்த பொருளுக்கு மேலாக ஒரு மனுஷனுக்கு மண்ணும் கண்ணாடியுமா பெரிசு? ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பனைமரத்தடியில் சாடி இல்லை.

கோட்டையா கொண்டுவந்தது

எனக்குச் சமைத்துப்போட யாருமில்லை என்று அத்தை எங்களோடேயே தங்கிவிட்டாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருத்தரோடொருத்தர் பேசாமல் இருந்தோம். கூட்ஸ் வண்டி போகும்போது அலமாரி மட்டும் சத்தம் போடும்.

மழைக்காலம் தொடங்கின சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டையா சைக்கிளில் வந்தார். கேரியரில் கோணி சுற்றிய பொட்டலம். அத்தை கொல்லைப்பக்கம் இருந்தாள்.

"இன்னா சார், கடப்பக்கமே வர்றதில்ல. அம்மா பூட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், மன்சே கேக்கல சார். வரலாம்னா இன்னா மூஞ்சிய வச்சிகினு வர்றதுன்னு இருந்துட்டேன்." கோணியை அவிழ்த்தார். "நீ சொல்லிகினே இருந்தியே, நீலக் குருவி. ஜோடி. ஒருத்தன் கொண்டாந்து போட்டான். பாத்ததும் ஒன் ஞாபகம்தான். இத்த எடுத்துனு போய் சாருக்குக் குட்த்தா கொஞ்சம் மன்சு தேறும்னு எடுத்தாந்தேன்."

வெள்ளைச் சாடி. நீலக் கிளை. குருவி இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா அதை வாங்கினார். வழக்கம்போலக் கவிழ்த்தார். அடியில் அம்மாவின் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. ஏரிக்கரை ஈரமும் கோணி அழுக்கும் அதை ஒன்றும் செய்யவில்லை.

நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். கோட்டையா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், அது இல்லியா?"

அப்பா சாடியை மெல்ல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஜோடிதான், கோட்டையா. இதே ஜோடிதான்."

பொருளைப் பற்றி என் அப்பா சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. வாய் வெந்துவிடவில்லை. அதைக் கேட்க அம்மாதான் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த அழுகை அம்மா போன அன்றுகூட வரவில்லை.

கோட்டையா போனபிறகு அப்பா சாடியைக் கழுவித் துடைத்து, கூடத்து அலமாரியில் அம்மாவின் புடவைத் துணிமேல் வைத்தார். குருவி இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். முன்னால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

அத்தை கொல்லையிலிருந்து வந்தாள். அலமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னடா அது?"

"ஜோடி. கோட்டையா கொண்டுவந்தான்."

"ஜோடின்னா அந்தப் பக்கம் பார்க்கும்னு சொல்லுவியே. இது எந்தப் பக்கம் பார்க்கறது?"

"சுவத்தைப் பார்க்கறது," என்றார் அப்பா.

அத்தை கையை நீட்டித் திருப்பியிருந்தால் முடிந்தது கதை. அப்பாவின் விரல்கள் வேஷ்டி நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. அத்தை அந்த விரல்களைத்தான் பார்த்தாள்.

"கையை அலம்பிண்டு வா. சாதம் ஆறிப்போறது," என்று உள்ளே போனாள்.

வெறும் வெள்ளை

அப்பா ஒரு தடவைகூட அதைத் திருப்பி வைக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு வந்த யாருக்கும் எந்தச் சாடியையும் கவிழ்த்துக் காட்டவும் இல்லை. கோட்டையா கடைக்குப் போவதும் நின்றுபோனது. அத்தை அலமாரியைத் தினமும் துடைத்தாள். அந்த ஒரு சாடியை மட்டும் சுற்றிக்கொண்டு துடைத்தாள். எனக்கு அவள் செய்ததை மன்னிக்க மனசு வரவில்லை. அப்பா செய்ததைப் புரிந்துகொள்ளவும் வயசு போதவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் அப்பாவும் போய்விட்டார். கம்பெனி கேட் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவரைத் தூக்கிவந்து கூடத்தில்தான் கிடத்தினார்கள், அலமாரிக்கு நேர் கீழே.

மறுபடியும் பத்தாம் நாள். மறுபடியும் புளி வாசனை, வாசலில் கூடை. திருவள்ளூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள், அப்பாவின் மன்னி. அத்தைக்கு அதற்குள் முதுகு வளைந்துவிட்டது. பெரியம்மாதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அலமாரிக்கு வந்தாள். வெள்ளைச் சாடியைக் காட்டினாள்.

"இது நேரே தலைக்கு மேல இருந்திருக்கே. இதென்ன, மண்ணா?"

பதில் சொல்ல அப்பா இல்லை. நான் எதையாவது சொல்லி உளறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து வந்தாள். பெரியம்மாவின் கைக்கு முன்னால் தன் கையை நீட்டிச் சாடியை எடுத்துக்கொண்டாள். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"கண்ணாடி," என்றாள். "கழுவினாப் போறும்."

அவளே கிணற்றடிக்குப் போய்க் கழுவினாள். அவளே கொண்டுவந்து புடவைத் துணியைச் சரிசெய்து அதே இடத்தில் வைத்தாள். குருவி சுவரைப் பார்க்கும்படியாகவே வைத்தாள்.